விடுப்பு மேலாண்மை, நான்காம் யூனிட்

பாடத்திட்டக் குழுவில் புதிதாக உட்காரப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொழில்துறையிலிருந்து வருகிறவர் பேசும்போது அவர் முன்னால் வர்க்கித் தட்டை வைக்காதீர்கள். பேசி முடித்த பிறகு வையுங்கள். இத்தனை வருடம் வணிகவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்ற மனுஷன், கடைசியில் சொல்லிவிட்டுப் போகிற உபதேசம் இதுதானா என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஊட்டி வர்க்கியின் சுபாவம் உங்களுக்குத் தெரியும். கடித்ததும் நொறுங்கும், பாதி சட்டையில் விழும், மீதி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் வாயிலிருந்து வருகிற சொல்லை நம்பி ஒரு பாடத்திட்டம் எழுதக்கூடாது. நாங்கள் எழுதினோம்.

அப்போதுதான் எல்லாக் கல்லூரிகளையும் அந்தக் காய்ச்சல் பிடித்திருந்தது. படித்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிறவர்கள் கேட்கும் திறமை இல்லையாம். ஆகவே வேலை கொடுக்கிறவர்களையே கூப்பிட்டு, 'ஐயா, உங்களுக்கு எப்படிப்பட்ட பிள்ளை வேண்டும்?' என்று கேட்டு அதன்படி பாடத்தை மாற்ற வேண்டுமாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. தையற்காரன் அளவெடுப்பது போலத்தானே என்றார் எங்கள் பிரின்சிபால். அளவு கொடுக்க வந்தவர் போட்டுக்கொள்ளப் போகிறாரா, அல்லது பிள்ளைதான் அதைப் போட்டுக்கொண்டு காலம் தள்ள வேண்டுமா என்று நான் கேட்டிருக்கலாம். பிரின்சிபால் அவ்வளவு உற்சாகமாக இருக்கும்போது குறுக்கே பேசுவது எங்கள் துறையில் வழக்கமில்லை.

முதல் வருடம் ஒரு ரிசார்ட்டிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். உங்கள் பிள்ளைகளிடம் எல்லாம் இருக்கிறது, ஸ்மைல் மட்டும்தான் இல்லை என்றார். உடனே 'புன்னகைத் திறன்' என்று ஒரு சான்றிதழ் வகுப்பு ஆரம்பித்தோம். டிசம்பர் மாதத்து ஊட்டிக் குளிரில், உதடு வெடித்துக் கிடக்கும் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துச் சிரிக்கச் சொன்னோம். ஒரு பையனுக்கு ரத்தமே வந்துவிட்டது. அவனுக்கும் சான்றிதழ் கொடுத்தோம்.

அடுத்த வருடம்தான் பந்தலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேனேஜர் வந்தார். ஆறடி உயரம், அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை. பட்டம் படித்த பிள்ளைகளை ஃபீல்ட் ஆபீசராக எடுப்பதாக இருக்கிறோம் என்று அவர் சொன்னதும் பிரின்சிபால் தன் கையாலேயே வர்க்கித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். மேனேஜர் ஒன்றை எடுத்துக் கடித்தார். கடித்தபடியே சொன்னார்: "பசங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியுது, இங்கிலீஷும் பரவால்ல. லீவ் மேனேஜ்மென்ட்தான் சுத்தமா தெரியல. எங்களுக்கு அதான் உயிர்நாடி."

பிரின்சிபால் மேசையைத் தட்டினார். "கரெக்டா சொன்னீங்க! ஏனுங்க சார், நம்ம காலேஜ்லயே அதுதானுங்களே தலைவலி! திங்கக்கெழமை ஆனா பாதி ஸ்டாஃப் லீவு."

மேனேஜர் அடுத்த வர்க்கியை எடுத்தார். அவருக்கு என்ன கேட்டதோ, தலையை ஆட்டினார். வேலை கொடுக்கிறவரும் கல்விக்கூடமும் ஒரே குரலில் பேசிய அந்தக் காட்சியைப் படம் எடுத்து, கல்லூரி ஆண்டு மலரின் அட்டையில் போட்டோம்.

இப்படியாக 'விடுப்பு மேலாண்மை' என்ற தாள் பிறந்தது. நான்கு கிரெடிட். நான்கு கிரெடிட் என்றால் ஐந்து யூனிட் வேண்டும், அது விதி. விஷயம் இருக்கிறதோ இல்லையோ, யூனிட் ஐந்து இருக்க வேண்டும். முதல் யூனிட், விடுப்பு: பொருளும் தோற்றமும். இரண்டாவது, வகைகள். மூன்றாவது, விண்ணப்பம் எழுதும் முறை. ஐந்தாவது, உலகமயச் சூழலில் விடுப்பு. நான்காவதுக்கு யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. குழுத் தலைவர் கோயம்புத்தூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார். "நீங்களே ஒண்ணு போட்டு விட்டுருங்க சார்" என்று என் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினார்.

எனக்கு அப்போது எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் மேல் தீராத கடுப்பு. அவருடைய மைத்துனர் எங்கள் லைப்ரரியில் இருந்தார். அவர் லீவு கேட்டால் பேப்பர் மேசைக்கு வருவதற்குள் கையெழுத்து விழும். என் தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு நான் கேட்டபோது மட்டும், 'பாக்கலாங்க, பாக்கலாங்க' என்று முகூர்த்தம் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த எரிச்சலையெல்லாம் சேர்த்து நான்காம் யூனிட் எழுதினேன். 'உறவினருக்கு விடுப்பு வழங்குதல்: அறமும் நடைமுறையும்.' அதிகாரி தன் உறவினரின் விண்ணப்பத்தை எல்லோருடையதையும் பார்த்த பிறகு, கடைசியில்தான் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் மறுத்துவிட வேண்டும். இதை எழுதி முடித்தபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. சூப்பிரண்டெண்ட் கண்ணில் படட்டும் என்று டைப் அடிக்க அவரிடமே கொடுத்தேன். அவர் அடித்துக் கொடுத்தார், ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

தாளை நடத்தும் பொறுப்பும் என்னிடமே வந்தது. முதல் வகுப்பிலேயே சுகன்யா எழுந்து நின்றாள். பந்தலூர்ப் பிள்ளை. அவளுடைய அம்மாவைப் பெற்ற அப்பிச்சி காலத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பா இல்லை. அம்மா ராசம்மா, வர்க்கி சாப்பிட்டாரே அதே மேனேஜரின் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிய வந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கணீர்க் குரல்.

"சார், எங்க தோட்டத்துல லீவு கேட்டா 'இல்ல'ன்னு ஒரே வார்த்தைதான் வரும். அதுக்கு எதுக்கு சார் அஞ்சு யூனிட்டு?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "அந்த ஒரு வார்த்தையை எப்படிச் சொல்றதுங்கறதுதான் பாடம், உக்காரு" என்றேன்.

வண்டவாளம் ஒரு பஸ்ஸில்தான் வெளிவந்தது. கூடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். கூடலூருக்குச் சற்று முன்னால், ஒரு வளைவில் எதிரே ஒரு லாரி ஏற முடியாமல் முனகிக்கொண்டு நின்றது. லாரி நிறைய மூட்டைகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஏதோ எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்க்கிறவர் போல. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"மூட்டைக்குள்ள கொழுந்த அமுக்கி அமுக்கிக் கட்டிருக்கான் பாருங்க சார். ஃபேக்டரி போறதுக்குள்ள சூடேறிப் பாதி செவந்துரும். லீஃப் மேனேஜ்மென்ட்டே கெடையாதுங்க இவனுகளுக்கு."

"என்ன மேனேஜ்மென்ட்டுங்க?" என்றேன்.

"லீஃப்புங்க. இலை. பறிக்கறதுலருந்து ஃபேக்டரில எறக்கற வரைக்கும் நசுங்காம, வாடாமப் பாத்துக்கணுமில்ல? எஸ்டேட்டுக்கு அதுதானே சார் உயிர்நாடி."

உயிர்நாடி! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மேனேஜரின் வாயும் வர்க்கியும் கண் முன்னால் வந்தன. லீஃப். லீவ். அட ராமா! ஒரு வருடமாக நாங்கள் தேயிலைக் கொழுந்துக்கு கேஷுவல் லீவும் மெடிக்கல் லீவும் கொடுத்துக்கொண்டிருந்தோம். கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் எழுந்துவிட்டேன்.

மறுநாள் பிரின்சிபால் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "பாஸ் ஆயிருச்சுங்களே சார்" என்றார். தப்பாகப் பாஸ் ஆகிவிட்டது என்றேன். "தப்போ ரைட்டோ, கவுன்சில்ல பாஸ் ஆயிருச்சுங்க. பிள்ளைக எக்ஸாம் எழுதி மார்க் ஷீட்டே கைல வாங்கிருச்சுக. இனி அடுத்த ரிவிஷன் வரைக்கும் கடவுளே வந்து சொன்னாலும் ஒரு எழுத்த மாத்த முடியாது." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அடுத்த வாரம் அந்த மேனேஜரு கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வாராருங்க. நம்ம தாளப் படிச்ச பிள்ளைகளத்தான் கேட்டிருக்காரு."

 பிரின்சிபால் மட்டும் கலங்கவில்லை. அரை நிமிடம் யோசித்தவர், தன் அனுபவத்தையெல்லாம் திரட்டி ஒரு தீர்வு சொன்னார். பிள்ளைகள் 'லீ' என்று ஆரம்பித்து மெதுவாக இழுத்து, கடைசி எழுத்தை முழுங்கிவிட வேண்டும். லீ... மேனேஜ்மென்ட். கேட்கிறவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். "வேணுமின்னா பிள்ளைக கைலயும் ஆளுக்கொரு வர்க்கி குடுத்துருங்க" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மதியமே இரண்டு பையன்களைக் கூப்பிட்டு 'லீ' பயிற்சி கொடுத்தார். நம் பல்கலைக்கழகங்களில் கம்யூனிகேஷன் ஸ்கில் என்று தனியாக ஏன் ஒரு பாடம் வைக்கிறார்கள் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது.

சாயங்காலம் சுகன்யா என் அறை வாசலில் வந்து நின்றாள். இன்டர்வியூவுக்குப் பேர் கொடுத்திருந்தாள். எப்போதும் துடுக்காகப் பேசுகிற பிள்ளை, அன்று விரலைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"சார், இந்த வேலை எனக்குக் கெடச்சே ஆகணும்."

"எல்லாருக்கும்தாம்மா."

"அப்படி இல்ல சார். அம்மாவுக்கு வர்ற வருஷத்தோட சர்வீஸ் முடியுது. வீட்டுல யாராச்சும் ஒருத்தர் தோட்டத்துல வேலைல இருந்தாத்தான் தோட்டம் குடுத்த லயத்து வீட்டுல இருக்கலாம். இல்லாட்டி வீட்ட ஒப்படைச்சிறணும். எங்களுக்கு வேற எடம் கெடையாது சார். நான் கூடைய எடுத்துட்டு மலைக்குப் போறேன்னு சொன்னேன். 'நீ கூடையத் தொட்ட, நான் இந்த வீட்டுல சோறு திங்க மாட்டேன்'னு அம்மா ஒத்தக் கால்ல நிக்குது."

இந்தப் பிள்ளையிடம் 'லீ' என்று இழுக்கச் சொல்வதா? எனக்கு வாய் வரவில்லை. லீஃப், லீவ் கதை முழுவதையும் சொன்னேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப நாங்க ஒரு வருஷமா படிச்சது?"

நான் மேசை மேலிருந்த சிலபஸைக் கவிழ்த்து வைத்தேன்.

"லீஃப்னா எனக்குத் தெரியும் சார். நடக்கப் பழகுனதே கொழுந்துக் கூடைய புடிச்சுட்டுத்தான். மார்க் ஷீட்ட நீட்டுன உடனே அவரு கேப்பாரே சார், இது என்னான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

தம்பிகளே, தங்கைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உண்மையைச் சொல்லு என்று மாணவரிடம் சொல்வது வாத்தியாருக்கு மிக எளிது. அதன் பலனை அனுபவிக்கப் போவது வாத்தியார் இல்லை. எதிரே உட்காரப் போவது அவள் அம்மாவின் முதலாளி. 'ஐயா, நீங்கள் வாயில் போட்டு மென்றது எங்கள் காதில் தப்பாக விழுந்தது' என்று அவரிடம் சொன்னால், மனுஷன் சிரிக்கலாம், சிரிக்காமலும் போகலாம். சிரிக்காவிட்டால் மகளுக்கு வேலை போகும், வீடும் போகும், அம்மாவின் கடைசி வருடமும் நிம்மதியாகப் போகாது. மழுப்பச் சொன்னாலோ, அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வாள். இரண்டையும் நிறுத்துப் பார்த்தேன். மழுப்புகிறவனைக் கண்டுபிடிப்பதுதான் எஸ்டேட் மேனேஜருக்கு நாள் முழுக்க வேலை. அதனால், "உள்ளதைச் சொல்லிரு. நான் அந்த ரூம்லயேதான் இருப்பேன்" என்றேன். அவள் போன பிறகு, நான் அந்த அறையில் இருப்பதால் என்ன பிரயோஜனம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

இன்டர்வியூ அன்று வெளியே நல்ல மூடுபனி. உள்ளே மேனேஜர், பிரின்சிபால், மூலையில் நான், நடுவில் வர்க்கித் தட்டு. பயிற்சி பெற்ற இரண்டு பையன்களும் முதலில் வந்தார்கள். "லீ... மேனேஜ்மென்ட் சார்" என்றான் ஒருவன். "என்னப்பா, சளியா?" என்று கேட்டார் மேனேஜர். அடுத்தவன் இன்னும் நீளமாக இழுத்தான். அவனுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

பிறகு சுகன்யா. மார்க் ஷீட்டைப் பார்த்த மேனேஜர், புருவத்தை உயர்த்தினார். "லீவ் மேனேஜ்மென்ட்? இது என்னம்மா? நான் கேட்டது லீஃப் ஆச்சே?"

பிரின்சிபால் இருமினார். சாதாரண இருமல் இல்லை, கட்டிடம் அதிரும் இருமல். அது ஓயும் வரை சுகன்யா பொறுமையாக நின்றாள்.

"நீங்க லீஃப்னுதான் சார் சொன்னீங்க. வாயில வர்க்கி இருந்துச்சாம். எங்க காலேஜுக்கு லீவுன்னு கேட்டுருச்சு."

பிரின்சிபால் இருமுவதை நிறுத்திவிட்டார். மேனேஜர் கையில் பாதி கடித்த வர்க்கி இருந்தது. அதைப் பார்த்தார். தட்டில் வைத்தார். சட்டையில் கிடந்த துகளைத் தட்டிவிட்டார். அவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. 

"அப்ப உனக்கு லீஃப் தெரியாது?"

"தெரியும் சார். நம்ம தோட்டம்தான். கீழ் டிவிஷன், ராசம்மா மக."

"லீவு?"

"அதுல டிஸ்டிங்ஷன் சார்."

மேனேஜரின் உதடு லேசாகக் கோணியது. "எங்களுக்கு லீஃப்தான் வேணும். லீவ வெச்சு நான் என்ன பண்றது?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றாள். குரல் நடுங்கியது, நிற்கவில்லை. "லீவு கேக்குறவங்களுக்கு இல்லன்னு சொன்னா, மறுநாள் சொல்லாமலே நின்னுர்றாங்க. அன்னிக்கு எந்த மலைக்கு எத்தன பேருன்னு யாருக்கும் தெரியாது. கொழுந்து செடியிலேயே முத்திருது. முத்துனத அடுத்த நாள் அவசர அவசரமா பறிச்சு மூட்டைல அமுக்குறாங்க. முன்னாடியே கேட்டு, முன்னாடியே குடுத்தா யாரு வருவா யாரு வரமாட்டான்னு தெரியுமில்ல சார்? லீவு ஒழுங்கா இருந்தாத்தான் சார் லீஃப் ஒழுங்கா வரும்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், வராந்தாவில் நின்ற பிள்ளைகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். அவளை மட்டும்தான் எடுத்தார். அம்மா வேலை பார்க்கும் கீழ் டிவிஷனிலேயே போட்டார். போகிறபோது பிரின்சிபாலின் கையைக் குலுக்கி, "ரொம்ப முன்யோசனையான சிலபஸ்" என்றார். பிரின்சிபால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எல்லாம் உங்க ஆலோசனைதானுங்க சார்" என்றார்.

மகிழ்ச்சியில் எனக்குக் கண் கலங்கியது, ஒளிப்பானேன்? வீடு தங்கிவிட்டது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நம் துறைக்கு என்ன பெருமை? அடுத்த ரிவிஷனில் குழு விழித்துக்கொண்டது. தவறைத் திருத்தி, விடுப்பு மேலாண்மையைத் தூக்கிவிட்டு லீஃப் மேலாண்மையைக் கொண்டுவந்து தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தின் மை காய்வதற்குள் மேனேஜர் போனில் கூப்பிட்டார். லீஃப் எல்லாம் நாங்களே ஒரு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவோம், அந்த லீவு பேப்பர் படித்த பிள்ளைகள் இன்னும் நாலு பேர் வேண்டும் என்றார். பிரின்சிபால் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "இப்பத்தானுங்க சார் எடுத்தோம்!"

ராசம்மாவுக்குச் சர்வீஸ் முடிய இன்னும் சில மாதம் இருந்தபோது நான் ஓய்வு பெற்றேன், ஒரு விழா வைத்தார்கள். சுகன்யாவையும் ராசம்மாவையும் போனில் அழைத்திருந்தேன். சுகன்யா மட்டும் ஓட்டமாக வந்து, மாலையைப் போட்டுவிட்டு, மத்தியான பஸ்ஸிலேயே ஓடிவிட்டாள். அம்மா வரவில்லை. ஏன் என்று கேட்கவும் நேரம் கிடைக்கவில்லை. சில வாரம் கழித்துப் பந்தலூர்ப் பக்கம் ஒரு வேலை இருந்தது. அப்படியே லயத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. அம்மாவும் மகளும் இருந்தார்கள். வாசலில் இரண்டு ரோஜாச் செடி, கதவுக்குப் புதுப் பச்சைப் பெயின்ட்.

"வாங்க சார், வாங்க. உள்ளுக்க வாங்க. தேத்தண்ணி குடிப்பீங்கதானே?" என்று ராசம்மா பரபரத்தார். நானும் உரிமையோடு கோபித்துக்கொண்டேன்.

"ஏம்மா, அவ்வளவு தூரம் கூப்பிட்டேன். என் விழாவுக்கு வரலையே நீங்க?"

"லீவு கேட்டேன் சார். கெடைக்கல."

எனக்குச் சுருக்கென்றது. "யாரு தரல? மேனேஜரா?"

ராசம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். சுகன்யா தரையைப் பார்த்தாள்.

"அன்னிக்குக் கொழுந்து ஜாஸ்தி சார்" என்றாள் மெதுவாக. "எனக்கு முன்னாடியே பாஸாயிருந்துச்சு. அம்மா முந்துன நாள்தான் கேட்டுச்சு. அதுக்கு முன்னாடி நாலு பேரு கேட்டிருந்தாங்க. ரெண்டு பேருக்குத்தான் குடுக்க முடிஞ்சுது. மத்த ரெண்டு பேருக்கு இல்லன்னு சொல்லிட்டு எங்கம்மாவுக்கு மட்டும் எப்படி சார் குடுக்கறது?"

"நான் அழுதேன் சார்" என்றார் ராசம்மா. "பெத்தவ கேக்குறேன், ஒரு நாளுதானே, சாருக்கு மரியாதையா இருக்குமேன்னேன். இவ அசையல. சொந்தக்காரங்க பேப்பரக் கடைசியிலதான் பாக்கணுமாம், சந்தேகம்னா இல்லன்னு சொல்லணுமாம். காலேஜுல படிச்சாளாம். ஏதோ நாலாம் யூனிட்டாம்."

நான் தேத்தண்ணி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

ராசம்மா எதிரே மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க எல்லா வாத்தியாரையும் அறிஞ்சவங்கதானே சார்? அந்த நாலாம் யூனிட்ட எழுதுன மகராசன் யாருன்னு மட்டும் சொல்லுங்க. அவரக் கொஞ்சம் பாக்கணும்."

சுகன்யா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மென்று முழுங்கிச் சமாளிக்க என் வாயில் அப்போது வர்க்கியும் இல்லை.